நல்ல காசு என்று சொன்னவர்

போலிக் காசு கொண்டுவருகிறவர்களுக்கு அவர் டீ வாங்கிக் கொடுப்பார். நல்ல காசு கொண்டுவருகிறவர்களைத் திட்டுவார். இந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. கண்டுபிடித்தபோது அதனால் யாருக்கும் பயன் இருக்கவில்லை.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் அவருக்குத் தராசு பழுதுபார்க்கும் கடை. ஒரு ஷட்டர் அகலம்தான். மளிகைக்கடை, கறிக்கடை, பழைய இரும்புக்கடை என்று அந்தச் சாலையின் தராசுகள் எல்லாம் அவர் கை பட்டவை. ஞாயிறு காலை மட்டும் மேஜையைக் காலி செய்து பச்சைத் துணி ஒன்றை விரிப்பார். பழங்காசு சேர்க்கிறவர்கள் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்து தங்கள் காசை அதன்மேல் வைப்பார்கள். பெரும்பாலும் செப்புக் காசு. சோழர், பாண்டியர், விஜயநகரம். அபூர்வமாக வெள்ளி. அவர் எந்தப் புத்தகமும் எழுதியவரில்லை, எந்தப் பட்டமும் வாங்கியவரில்லை. ஆனால் அவர் பார்த்து ஒரு பெயர் சொன்னால், அந்த வட்டாரத்தில் அதுதான் அந்தக் காசின் பெயர்.

ஆள் குள்ளம். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. உடம்பில் மண்ணெண்ணெய் வாசனை. பூதக்கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். காசை விரல் நுனிகளில் விளிம்போடு பிடிப்பார். காசின் முகத்தைத் தொடமாட்டார், மற்றவர்களையும் தொடவிடமாட்டார். முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. காசைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். அதில் அவருக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது வெறும் பழக்கம் என்று நினைத்தேன்.

தராசு விஷயத்தில் அவர் பொய் சொன்னதே இல்லை. ஒருமுறை ஒரு கறிக்கடைக்காரர் வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணாத்தே, கிலோவுக்கு அம்பது கிராம் நம்ம பக்கம் சாயற மாரி வச்சுத் தர்றியா?" என்று கேட்டார். அவர் தராசைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எத்துகினு போ. வேற எட்ம் பாரு." அவ்வளவுதான். கறிக்கடைக்காரர் ஒரு மாதம் கழித்து அதே தராசோடு திரும்பி வந்தார். இவர் சரியாக நிறுக்கும்படி சரிசெய்து கொடுத்தார்.

நான் அங்கே போனது அப்பாவுக்காக. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வெல்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோவில்பதாகையில் சொந்த வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகு ஆறு மாதம் அவர் எதுவும் செய்யவில்லை. காலையில் எழுந்து, சங்கு ஊதும் நேரத்துக்குத் தயாராகி, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பிறகு தயாராவதையும் நிறுத்தினார். சவரம் செய்வதை நிறுத்தினார். அம்மா பயந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் பழங்காசு சேர்க்கிற ஒருவரோடு அவரை அனுப்பிவைத்தாள். ஒரு ஞாயிறு போனார். அடுத்த ஞாயிறு தானாகவே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கரையான்சாவடிக்கு வந்தார்.

நான் பாலிடெக்னிக்கில் உலோகவியல் படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. அப்பாவின் காசுகளுக்கு எக்ஸெல்லில் பட்டியல் போட்டேன்: எண், எடை, விட்டம், யார் காலம், எங்கே கிடைத்தது, அவர் என்ன சொன்னார். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருந்தது. நல்ல காசு.

அவர் ஆட்களை நடத்திய விதத்தை இரண்டு பேரை வைத்துச் சொல்லலாம்.

திருவேற்காட்டில் ஃபிளாட் வாங்கி வந்திருந்த ஒரு ஐ.டி. ஊழியர், ஊரில் தாத்தா பெட்டியில் இருந்ததென்று ஒரு செப்புக் காசு கொண்டுவந்தார். இவர் விளிம்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. இருபது நிமிடம் ஆனது.

"இன்னா சார் இது, ராஜா மூஞ்சி பாதி காணோம். அடிச்சவன் தூங்கிக்கினே அடிச்சிக்கிறான். இத்த எதுல கழுவன?"

"புளி போட்டு லேசா..."

"லேசாவா? ஆயிரம் வருசமா அது மேல ஏறின பச்சய நீ அஞ்சு நிமிசத்துல தேச்சிட்டு வந்து லேசான்ற. உன் தோல உரிச்சு உப்பு தடவுனா லேசா இருக்குமா?"

அந்த மனிதர் முகம் சிவந்து காசை வாங்கக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அடுத்த வாரம் எத்துகினு வா. வெளிச்சத்துல பாக்கணும்." அந்த ஐ.டி. ஊழியர் மறுபடி வரவே இல்லை.

இன்னொருவர், துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே எங்கோ பணியில் இருந்தபோது வாங்கியதென்று ஒரு வெள்ளிக் காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். இவர் விளிம்பைப் பார்த்தார். மூன்று விநாடி. உடனே திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல காசு. பத்ரமா வச்சிக்கோ நைனா. பசங்க இன்னா பண்றாங்க?"

பேசிக்கொண்டே எதிர்ப்பக்க டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். அந்த மனிதரின் மகன் வேலை, மகள் பிரசவம், முட்டிவலி எல்லாம் விசாரித்தார். வந்தவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். அடுத்த மாதம், அந்தக் காசை விற்ற அதே ஆளிடமிருந்து தபாலில் இன்னும் ஐந்து காசு வரவழைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்கும் டீ.

இதையெல்லாம் நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ராணுவக்காரர் மேல் அவருக்குப் பிரியம் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அந்தக் காசு கிடைத்தது மழைக்காலத்தில். ஆற்று மணலில் சலித்தெடுத்தது என்று சொல்லி விற்கிற ஒரு வியாபாரியிடம் வாங்கினார். ராஜராஜன் காலத்துச் செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்து. இந்த வகை நிறையவே கிடைக்கும். ஆனால் இதில் உட்கார்ந்த உருவத்தின் தலைக்கு மேல் இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தன. அப்பாவிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. மூன்று வாரம் கழித்து அதே வியாபாரியிடம் இன்னொன்று கிடைத்தது. அதிலும் அதே இரண்டு புள்ளிகள்.

அப்பா பச்சைத் துணியின் மேல் இரண்டையும் அருகருகே வைத்தார். இவர் இரண்டின் விளிம்பையும் பார்த்தார்.

"ஜோடி சேந்துச்சே சார். நல்ல காசு." எதிர்க்கடைக்கு மூன்று விரல் காட்டினார். "ஊட்ல அம்மாக்கு முட்டி எப்டி கீது?"

அன்று மாலை அப்பா சவரம் செய்துகொண்டார். ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். புது வகை ஒன்று கண்டுபிடித்திருப்பதாகக் கட்டுரை எழுதப்போகிறேன் என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

கட்டுரைக்கு ஆதாரம் வேண்டுமே என்று காசுகளை நான் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு ப்ரொஜெக்டர் உண்டு. பொருளை வைத்தால் அதன் நிழலைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும். மாதிரிப் பாகத்தின் வரைகோட்டை ட்ரேஸிங் தாளில் எடுத்து, உற்பத்தியாகி வரும் பாகத்தின் நிழல்மேல் பொருத்திப் பார்ப்போம். பொருந்தினால் பச்சை ஸ்டிக்கர். பொருந்தாவிட்டால் சிவப்பு. நாள் முழுக்க இதுதான் என் வேலை.

சாப்பாட்டு நேரத்தில் முதல் காசை வைத்து வரைந்தேன். இரண்டாவதை வைத்தேன். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. வலது பக்கம் விளிம்பில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தது. அதுகூட அப்படியே பொருந்தியது. எடையில் ஓர் அரிசி அளவுகூட வித்தியாசம் இல்லை. அங்கிருந்தே அப்பாவுக்கு போன் செய்தேன்.

"அப்பா, ரெண்டும் ஒரே அச்சுல அடிச்சது. சந்தேகமே இல்லை. மயிரிழைகூட மாறலை."

"நல்லா அளந்து பாத்தியா?"

"மிஷின்ல பாத்தேன்ப்பா."

அந்த ட்ரேஸிங் தாளை ஞாயிறன்று அவரிடம் காட்டினேன். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மடிப்பு விழாமல் சுருட்டி என்னிடமே கொடுத்தார். "சுத்தமான வேல பாப்பா" என்றார். எனக்கு அன்று டீயோடு பன்னும் வந்தது.

அப்பா நான்கு மாதம் எழுதினார். காசு ஆய்வாளர்கள் ஆண்டுக்கொருமுறை கூடும் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார். படிக்க வாருங்கள் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்தார். புதுச் சட்டை தைத்தார். அம்மா அவர் பழைய ஃபேக்டரி நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கூட்டத்துக்குக் கடைக்காரரும் வந்தார், கரையான்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி. எங்களுக்கு முன்பே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா நன்றாகப் படித்தார். நான் லேப்டாப்பில் படங்களை மாற்றினேன். கடைசிப் படம், இரண்டு காசுகளின் வரைகோடும் ஒன்றன்மேல் ஒன்று. அதைப் பார்த்ததும் அரங்கில் ஒரு சலசலப்பு. எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஐயா, ஒரே அச்சுன்னா முகம் ஒண்ணா இருக்கும், சரி. விளிம்பு எப்படிய்யா ஒண்ணா இருக்கும்? சுத்தியால அடிக்கும்போது செப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் பிதுங்கும். வெடிப்பு அச்சுல இல்லையே, தகட்டுலதானே விழும்? ரெண்டு தகடு ஒரே இடத்துல, ஒரே அளவுக்கு வெடிக்குமாய்யா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

அவருக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் தொழிலில் இரண்டு பொருள் ஒன்றுபோல் இருந்தால் இரண்டும் சரி. சுத்தியலால் அடித்த காசில் இரண்டு ஒன்றுபோல் இருந்தால் இரண்டும் பொய். ஒரு காசிலிருந்து அச்சுக்குழி எடுத்து, அதில் உருக்கி ஊற்றி எடுத்த வார்ப்புகள் அவை. என் கையாலேயே அதை நிரூபித்து, பல மடங்கு பெரிதாக்கித் திரையில் போட்டிருந்தேன்.

"அந்த ரெண்டு புள்ளியும்..." என்று அந்த ஆசிரியை தயங்கினார். "ஊத்துற குழியில காத்துக்குமிழி இருந்தா அப்படி வருங்கய்யா."

பற்றவைத்த இடத்தில் காற்றுக்குமிழி இருப்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர் அப்பா. முப்பத்து நான்கு வருடம் அதற்காகத்தான் அவரைத் தொழிற்சாலையில் மதித்தார்கள். அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"என் பொண்ணு அளந்து பாத்தா."

தலைமை வகித்தவர் குறுக்கே வந்து, ஐயாவின் ஆர்வத்தைப் பாராட்டுவோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் அவரும் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனேன். ஒரு தராசைக் கழற்றிப் போட்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா அங்கிள்?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத காசுலயே சந்தேகம். ரெண்டாவது வந்ததும் முடிஞ்சுது."

"அப்போ ஏன் சொல்லலை?"

கையிலிருந்த ஸ்க்ரூவைத் துடைத்தார். "அன்னிக்கி உங்கப்பா மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன். செத்தவன் எழுந்து வந்த மாரி இருந்துச்சு. அத்த எப்டிமா படுக்க வைக்கிறது?"

"மேடை ஏறுறதுக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் சீக்கிரமா வந்து குந்திக்கினு இருந்தேன். புது சட்ட போட்டுகினு வர்றாரு. வாய் வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அந்தத் தாளை உங்ககிட்டதானே காட்டினேன்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. மிஷின்ல வேற பாத்துக்கீற. உனக்கு தெரியாம இருக்குமா? அப்பாவுக்கோசரம் நீயும் என்ன மாரி சும்மா கீறேன்னு நெனச்சேன்."

என் முட்டாள்தனத்தை அன்பு என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர். அதைவிட மோசமாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

நான் இன்னும் உட்காராமல் நிற்பதைப் பார்த்தார். மெதுவாக எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினார். அந்த நொடியில்தான் மூன்று வருட ஞாயிறுகளும் என் மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டன. யாருக்கெல்லாம் டீ, யாருக்கெல்லாம் திட்டு. டீ வருவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

அன்றிரவே பட்டியலைத் திறந்து, நினைவில் இருந்தவரை திருத்தினேன். அப்பாவின் நாற்பத்தோரு காசுகளில் அவர் திட்டியது ஒன்பதுக்கு மட்டும்.

அப்பாவிடம் அதைக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் சாவியை எடுத்தபோது, "வேண்டாம், பஸ்ல போறேன்" என்றார்.

"இவ்வளவு நடந்தப்புறமும் அங்க ஏன்ப்பா போறீங்க? அவருக்கு எல்லாம் தெரியும்ப்பா. தெரிஞ்சே சொன்னார்."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "என் மனசு நோகக்கூடாதுன்னு அவரு ஒண்ணு சொன்னாரு. நீ அளந்துல்ல சொன்ன."

அதன்பின் இரண்டு வருடம் ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய்வந்தார். அவர்கள் காசு பற்றிப் பேசினார்களா என்று தெரியாது. என்னிடம் அப்பா எதையும் அளந்து பார்க்கச் சொன்னதில்லை. சிலிண்டர் கனமாக இருக்கிறதா, இலேசாக இருக்கிறதா என்றுகூட அம்மாவைத்தான் கேட்டார்.

போன தை மாதம் தராசுக் கடைக்காரர் இறந்துபோனார். அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடு. பந்தலுக்கு அடியில் நான் எதிர்பார்க்காத கூட்டம். தராசுக்காரர்கள் ஒரு பக்கம், காசுக்காரர்கள் ஒரு பக்கம். காசுக்காரர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காசைப் பார்த்தார், நல்ல காசு என்றார், தங்கமான மனுஷன்.

ஒரு பெண் என்னிடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றாள்.

"நீ அந்த வெல்டரு சாரோட பொண்ணுதான? கம்பெனில மிஷின் வச்சு பாப்பியாமே." பர்ஸின் உள்ளறையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். "இத்த அவருதான் நல்ல காசுன்னு சொன்னாரு. பொண்ணு வர்ற வருசம் காலேஜ் போவுது, அப்போ வித்துக்கலாம்னு வச்சிக்கினு கீறேன். இனிமே யார்கிட்ட கேக்கறது? நீ ஒரு தபா பாத்து சொல்லேன்."

காசை வாங்கி விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு, இரண்டு பாதி அச்சுக்குழி சேருமிடத்தில் விழுவது. அதை அரத்தால் தேய்த்து மறைக்கப் பார்த்திருந்தார்கள். மூன்று விநாடிகூட ஆகவில்லை. அந்தப் பெண்ணின் மகளை நினைத்தேன். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில், ஒரு துணி முடிச்சை நம்பிக்கொண்டு.

"இது வார்ப்பு, அக்கா. பழசு இல்லை. இத நம்பிப் பொண்ணு படிப்புக்கு எதுவும் முடிவு பண்ணாதீங்க. வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

அவள் என்னையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். "உள்ள கெடத்தி வச்சிக்கிறாங்க. அவரு எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாருன்னுதான பேசற?"

பின்னாலிருந்து அப்பாவின் கை நீண்டு என் கையிலிருந்த காசை எடுத்தது. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"இவளுக்குக் காசைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. கம்பெனில நட்டு போல்ட்டு பாக்குறவ."

கொடுப்பதற்கு முன் கட்டைவிரலால் விளிம்பை ஒருமுறை தடவினார். கோடு இருக்கும் இடத்தில் விரல் நின்றது. பிறகு காசை மஞ்சள் துணியில் வைத்து, அவரே முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தார். அவள் முகம் தெளிந்து, பர்ஸை மூடிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது ஆவடி பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா முன்பக்கம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து அது. நடத்துநர் எனக்கொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். பெண்களும் டிக்கெட் வாங்கவேண்டிய பஸ்ஸாக இருந்திருந்தால், அப்பா ஒன்று வாங்கினாரா, எனக்கும் சேர்த்து இரண்டா என்று தெரிந்திருக்கும்.